மேனேஜரின் சம்மதம்

பூனைக்குத் தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, மேடம். இதைப் பத்துப் பேரிடம் சொன்னால் ஒன்பது பேர் சிரிப்பார்கள். சாப்பிடுகிற இடத்துத் தண்ணீரைப் பல பூனைகள் தொடாது. தூரத்தில், வேறொரு மூலையில் வைத்துப் பாருங்கள், ஒரே வாரத்தில் ஒழுங்காகக் குடிக்க ஆரம்பிக்கும். உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கால்சட்டையில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை முடி ஒட்டியிருக்கிறது. இரண்டு காலிலும் ஒரே உயரத்தில். காலையில் நீங்கள் கிளம்பும்போது வந்து உரசியிருக்கிறது. உங்களை அதற்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேட்டதற்குத்தான் வருகிறேன். "சுத்தி வளைக்காதீங்கம்மா, ஏன் செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். அதை மட்டும் சொன்னால் பைத்தியக்காரி என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். நான் பைத்தியம் இல்லை. எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

எங்கள் பக்கத்தில் பூனைக்காரம்மா என்றால்தான் என்னைத் தெரியும். கால்நடை டாக்டர் பார்த்து, பூனைக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று கைவிரித்த பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். மெத்தையில் மூத்திரம் போகிறது, திரைச்சீலையைக் கிழிக்கிறது, வந்தவர் போனவரையெல்லாம் கடிக்கிறது, இப்படி. நான் போய் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருப்பேன். பூனையைப் பார்க்க மாட்டேன், வீட்டைப் பார்ப்பேன். தப்பு எப்போதும் வீட்டில்தான் இருக்கும். ஒருவர், வங்கியில் பெரிய அதிகாரி, "பழி வாங்குதும்மா, அத்தனையும் திமிரு" என்றார். போய்ப் பார்த்தால் மணல் தட்டைத் துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அது சுற்றும்போது அந்த மூலையே கிடுகிடுவென்று ஆடுகிறது. நீங்கள் கழிவறையில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே ஒருவன் நின்று கதவை உலுக்கினால் நீங்களும் வேறு இடம்தான் தேடுவீர்கள் என்றேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. தட்டை மாற்றி வைத்தார், மறுநாளே தொல்லை நின்றது. பூனை பழி வாங்காது, மேடம். அந்தப் புத்தி அதற்குக் கிடையாது.

என் தங்கையை நான்தான் வளர்த்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அம்மா போனபோது அவளுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாறு. தலை வாரிவிட்டதிலிருந்து அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தது வரை நான். இடையில் எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்காமலே போனது, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. அவள் புருஷன் வீட்டுக்குப் போகும்போது என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனது ஒன்றே ஒன்று, ஒரு சாம்பல் நிறப் பெண் பூனைக்குட்டி. போன முதல் நாளே அது சாப்பாட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்து, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்ததாம். தங்கை புருஷனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. "எங்க மேனேஜர் மாதிரியே இருக்கு, ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாது, நம்மள மட்டும் மொறைக்குது" என்றார். அன்றிலிருந்து அதற்கு மேனேஜர் என்றே பெயர்.

பிறகு பொடிசு பிறந்தாள். என் தங்கை மகள். உங்களுக்கு அவள் பெயர் காகிதத்தில் இருக்கும், எனக்கு அவள் பொடிசுதான். அவளுக்கு ஆறு வயதாகும்போது என் தங்கைக்குச் சிறுநீரகம் கெட்டது. ஏழு மாதம் படுக்கையில் கிடந்தாள். ஏழு மாதமும் மேனேஜர் அவள் கால்மாட்டை விட்டு நகரவில்லை. அவள் போன பிறகு அந்த இடத்தில் நாலு நாள் படுத்திருந்தது. அவள் புருஷன் மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். லிஃப்ட்டில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம்.

அடுத்த இரண்டு வருடம் பொடிசு பள்ளிக்கூடம் விட்டு நேராக என் வீட்டுக்கு வருவாள். நாலு தெரு தள்ளித்தான். வீட்டுப்பாடம், சாப்பாடு, காய்ச்சல், தலையில் பேன், எல்லாம் என் பொறுப்பு. அப்பா வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போவார். என்னிடம் இருக்கிற பூனைகளோடுதான் அவள் வளர்ந்தாள். ஏழு வயதில், ஒரு பூனையின் காது பின்னால் சாய்வதைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, அது பயந்திருக்கு. யாரும் கிட்டப் போகாதீங்க" என்பாள். பெரிய மனுஷி மாதிரி. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். துணி மாற்றுவதைக்கூட.

அது என்ன என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், வழக்குக்கு அதுதான் முக்கியம். பூனைக்கு ஆளை அடையாளம் காட்டுவது முகம் இல்லை, வாசனை. ஒரு வீட்டுக்குப் புதிதாக ஒரு பூனையோ ஆளோ வந்தால், உடனே நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. ஒரு மெல்லிய துணியை எடுத்துப் புதிதாக வந்தவரின் மேல் தேய்த்து, பழைய பூனையின் சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து பத்தடி தள்ளிப் போட வேண்டும். நாளுக்கு ஓரடி கிட்டக் கொண்டுவர வேண்டும். அந்த வாசனை வந்தால் சாப்பாடு வரும், கெட்டது எதுவும் வராது என்று பூனைக்குப் பதிந்துவிடும். பத்து நாளில் புது ஆள் அதற்கு வீட்டு ஆள். இதை ஒழுங்காகச் செய்தால் சேராத பூனையே கிடையாது. தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள் யோசித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

"பொடிசை என்கிட்ட விட்டுடுங்க மாப்பிள்ளை. நீங்க ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டுன்னு ஓடுறீங்க, பொம்பளப் புள்ள" என்று அவரிடம் கேட்டேன். ஒரு தடவை இல்லை, வாய் வலிக்கக் கேட்டேன்.

"பாக்கலாம்க்கா" என்றார். ஒன்றரை வருடம் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பேருந்து முன்பதிவுக் கவுண்டரில் உட்காருகிறவள். யார் எப்படிக் கத்தினாலும் "சொல்லுங்க சார், பாத்துடலாம் சார்" என்று ஒரே குரலில் பேசிப் பழகின வாய். என்னிடமும் அதே குரலில், "உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கார்க்கா" என்றாள். என்ன சொல்லியிருப்பார், நான் ஓசி ஆயா என்றா. நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று பொடிசிடம் அவர் கேட்டிருக்கிறார், சித்தியைப் பிடித்திருக்கிறதா என்று. பொடிசு சாமர்த்தியக்காரி. "மேனேஜருக்குப் பிடிச்சா எனக்கும் ஓகே" என்று சொல்லியிருக்கிறாள். உடனே இவர் எனக்குப் போன் போடுகிறார். "அக்கா, நீங்க வந்து மேனேஜரைக் கொஞ்சம் இவளோட பழக்கி விடணும். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்." என் தங்கை படுத்திருந்த கட்டிலில் இன்னொருத்தியைப் படுக்க வைத்துவிட்டு, என் தங்கையின் பூனையை அவளுக்குப் பழக்கித் தர என்னைக் கூப்பிடுகிறார். மனிதருக்கு ஒரு சொட்டு வெட்கம் இருக்க வேண்டாமா, மேடம். நான் வருகிறேன் என்று சொன்னேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்யத் தேவையில்லை என்று நினைத்தேன். தெரியாதவர்கள் பூனையைத் துரத்திப் பிடித்துத் தூக்கிக் கொஞ்சுவார்கள், பூனை வெறுத்துவிடும். அவளும் அப்படிச் செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் செய்யவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருப்பாள். மேனேஜர் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். குச்சியில் இறகு கட்டி ஆட்டுவாள், விளையாடி முடித்ததும் ஒரு வாய் சாப்பாடு வைப்பாள். வேட்டை முடிந்தால் சாப்பாடு, பூனைக்கு அதுதான் நிறைவு. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "பொடிசுதான்க்கா. உங்ககிட்ட கத்துக்கிட்டேன்னா" என்றாள்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, சாயந்திர வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. மேனேஜர் அவளுக்கு மூன்றடி தூரத்தில் படுத்து, அவளைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது. உங்கள் பூனையும் உங்களைப் பார்த்து அப்படிச் செய்திருக்கும். உன்னை நம்புகிறேன் என்று அதற்குப் பொருள். பதிலுக்கு அவளும் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தாள். பொடிசு குதித்தாள். "பெரியம்மா, பாத்தீங்களா, மேனேஜர் சைன் போட்டுடுச்சு."

பார்த்தேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஏழு மாதம் என் தங்கையின் காலடியில் கிடந்த பிராணி பதினாலு நாளில் கட்சி மாறிவிட்டது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பூனை இன்றைக்கு யார் சாப்பாடு வைக்கிறார்கள் என்று பார்க்கிறது, அது அதன் இயல்பு. கோபம் அவள் மேல். கண்ணை மூடித் திறந்தாளே, அதற்காக.

என் வீட்டில் ரவுடி என்று ஒரு கடுவன் பூனை இருக்கிறது. செம்பட்டை நிறம், காயடிக்காதது. லாரி பட்டறையிலிருந்து பிடித்து வந்தேன், அதன் வாசனை பட்டால் மற்ற பூனைகள் அறையைவிட்டு ஓடும். அடுத்த புதன்கிழமை ரவுடி படுத்த துணியிலிருந்து கையகலம் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மனித மூக்குக்கு ஒன்றும் தெரியாது. அவள் டீ போட உள்ளே போன நேரத்தில் அவளுடைய செருப்பில், கைப்பையின் வாரில், தலையணை உறையில் ஒரு தேய். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மேனேஜர் அன்று சாயந்திரமே அவளைப் பார்த்துச் சீறியிருக்கிறது. அந்த வாரமே அவள் தலையணையில் மூத்திரம். அவள் எனக்குப் போன் செய்து அழுதாள். "நான் என்னக்கா தப்பு பண்ணேன்." நான் ஆறுதல் சொன்னேன். நெடி அடிக்கிற திரவம் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதைப் போட்டு நன்றாகத் துடை என்றேன். அந்த நெடி பூனை மூக்குக்கு மூத்திர நெடி மாதிரியே இருக்கும், துடைத்த இடத்தில்தான் அது திரும்பத் திரும்பப் போகும். அவள் சிரத்தையாகத் துடைத்தாள். வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. கை தோலெல்லாம் உரிந்துபோனது. எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை.

மூன்று மாதம் இப்படி ஓடியது. புதன்கிழமை தவறாமல் போவேன். பழக்க வருகிற ஆள் நான்தானே, யார் என்னைச் சந்தேகப்படப் போகிறார்கள். பொடிசு சித்தியிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகினாள். "மேனேஜருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு பெரியம்மா" என்று என் காதில் சொன்னாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. சும்மா இருந்தேன். சும்மா இருப்பதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டா என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தச் சனியனை எங்கயாவது குடுத்துத் தொலைக்கணும்" என்று கத்தியிருக்கிறார். "மேனேஜர் எங்கயோ நானும் அங்கதான்" என்று பொடிசு பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மேடம். அது அவளாகவே சொன்னது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் மூன்று மாதம் தவம் கிடந்தேன். முழு ஆண்டு விடுமுறை ஆரம்பித்ததும் பூனையும் பொடிசும் என்னிடம் வந்து இருப்பது, பிறகு யோசிப்பது என்று பேச்சு முடிந்தது. நான் அவளுக்கு ஜன்னலோரம் கட்டில் வாங்கிப் போட்டேன். மேனேஜருக்கு அலமாரி மேல் படுக்கை போட்டேன். உயரத்தில் இடம் கிடைத்தால் பூனைக்கு நிம்மதி.

விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தப் பெண் என்னைக் கேட்காமல் ஒரு கால்நடை டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் சரியாகச் சொல்லிவிட்டார். பூனையைக் கொஞ்ச நாள் ஒரு தனி அறையில் வையுங்கள், அந்தத் திரவத்தை விட்டுவிடுங்கள், உங்கள் துணி ஒன்றைச் சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி வையுங்கள். என் பாடத்தையே அவர் அவளுக்கு நடத்தியிருக்கிறார். அவள் இஸ்திரி போடுகிற சின்ன அறையை ஒழித்து, மணல் தட்டு ஒரு மூலை, தண்ணீர் ஒரு மூலை, ஒளிந்துகொள்ள ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று, தன்னுடைய காப்பிக்கொட்டை நிறச் சால்வையை ஆணியில் மாட்டி, கச்சிதமாகச் செய்திருந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு நாளில் மேனேஜர் மறுபடி சாப்பிட்டது.

அந்த வாரம் புதன்கிழமை வேண்டாம், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருந்தாள், போனேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, அது என் கையில இருந்து வாங்கிச் சாப்பிட்டுச்சு. இன்னும் ஒரு வாரம் பாத்துட்டு, லீவுக்குப் பொடிசு இங்கயே இருக்கட்டுமான்னு அவர் கேக்குறார். நீங்க தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே."

"இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு" என்றேன்.

அவள் டீ போடப் போனாள். இப்போது நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், இதில் நான் எதையும் பூசி மெழுகப் போவதில்லை. ரவுடியின் துணி அன்று புதிதாக, முழுதாக என்னிடம் இருந்தது. சால்வையை ஆணியிலிருந்து எடுத்து, உள்ளும் புறமும், முக்கியமாகத் தோளும் கழுத்தும் படுகிற இடத்தில், அழுத்தித் தேய்த்தேன். திரும்ப மாட்டினேன். மேனேஜர் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது, கண்மணி இரண்டும் கறுத்து விரிந்துவிட்டது. அட்டைப்பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். டீயோடு வந்தவளிடம், "பெட்டி இருந்தா அது ஒளிஞ்சே பழகும், அது வேண்டாம். நீ நாளைக்கு சால்வையைப் போத்திக்கிட்டு உள்ள போய் உக்காரு, கதவைச் சாத்திக்கோ. பாதி தெறந்திருந்தா அதுக்குக் குழப்பம்" என்றேன். அவள் தலையாட்டினாள். "பொடிசை மட்டும் உள்ள விடாதே" என்றும் சொன்னேன். இதையும் எழுதுங்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று தெரிய வேண்டும்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டீர்கள். முப்பது வருடம் பூனையோடு இருந்துவிட்டு, தெரியாது என்று சொன்னால் என்னை நானே கேவலப்படுத்திக்கொள்கிற மாதிரி. மூடின அறை, ஒளிய இடமில்லை, எதிரிக் கடுவனின் வாசனை ஒரு ஆளின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டு நெருங்கி வருகிறது. பூனை முதலில் உறுமும், பிறகு வாலை அடிக்கும், பிறகு முகத்தில்தான் பாயும். முகத்தில் பாயும் என்று தெரியும். பாய்ந்தால், அவளே இந்தப் பூனையை இந்த வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்பாள், பூனை போகும், பூனையோடு பொடிசு வருவாள். நான் நினைத்தது இவ்வளவுதான். ஒருத்தியின் முகத்தில் நாலு கோடு. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவள் மாடியில் துணி காயப்போடப் போயிருந்தபோது, பொடிசு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். சால்வை அவள் மேல் இருந்திருக்கிறது.

சத்தம் கேட்டு ஓடி வந்தவள் பூனையை வெறுங்கையால் பிடித்து இழுத்திருக்கிறாள். கை இரண்டிலும் பதினாலு தையல். அப்படி இழுக்கக் கூடாது, மேடம். கம்பளியைத் தூக்கிப் பூனை மேல் போட வேண்டும், வெளிச்சம் மறைந்தால் பிடியை விட்டுவிடும். இழுத்தால் நகம் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். பொடிசின் இடது கண் போனதற்கு அந்த இழுப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் யாராவது இதை விசாரித்தார்களா. விசாரிக்க மாட்டார்கள். அவள்தான் குழந்தையைக் காப்பாற்றினாள் என்று எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

அன்று மத்தியானம் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இருந்தேன். மாப்பிள்ளை சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "அந்தப் பூனையை இன்னிக்கே கொன்னுடறேன்" என்றார். அவள் இரண்டு கையிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். "வேணாங்க. அது மேல தப்பு இருக்காது. எதைப் பாத்தோ பயந்திருக்கு" என்றாள். எனக்கு அப்போது வந்த கோபத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை. பூனை மேல் தப்பில்லை என்று சொல்கிற ஆள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். அதையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

எதைப் பார்த்துப் பயந்தது என்று தேடியதும் அவள்தான். சால்வையை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். கழுத்துப் பக்கம் செம்பட்டை முடி நாலைந்து. மேனேஜர் சாம்பல் நிறம். செம்பட்டைப் பூனை யார் வீட்டில் இருக்கிறது என்று பொடிசுக்குத் தெரியும். மருந்து மயக்கத்திலும் சொல்லிவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை, முடியைப் பார்த்து எந்தப் பூனை என்று சொல்லிவிடும்.

ஆக, செய்தது நான். மூன்று மாதம் செய்ததும் நான், வெள்ளிக்கிழமை செய்ததும் நான். வக்கீல் வேண்டாம். மேனேஜரை அந்த டாக்டர் கூண்டில் வைத்திருக்கிறாராம், அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடச் சொல்லுங்கள், நாலு பக்கமும் திறந்த கூண்டில் அது சாப்பிடாது. ரவுடிக்கும் மற்றவைக்கும் யாராவது சாப்பாடு வைக்க வேண்டும். என் வீட்டில் அந்தக் கட்டில் இருக்கிறது, அதை யாரும் தொட வேண்டாம். பொடிசு வீட்டுக்கு வந்ததும் என்னைத்தான் கேட்பாள். இப்போது பார்க்க மாட்டேன் என்று சொல்கிறாள் என்றால் வலியில் சொல்கிறாள். குழந்தைகள் அப்படித்தான்.

நீங்கள் எழுதி வைத்திருக்கிற பொடிசின் வாக்குமூலத்தைப் படித்துக்காட்டினீர்கள். சால்வையை யாரும் தன் மேல் போடவில்லை என்று சொல்லியிருக்கிறாள், சரி. நான் அது அந்தப் பெண்ணின் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை என்கிறாள், சரி. ஆனால் அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. "அம்மா சால்வையை நானே எடுத்துப் போத்திக்கிட்டேன். மேனேஜருக்கு என்னைப் பிடிக்கும். என் மேல அம்மா வாசனை இருந்தா அம்மாவையும் அதுக்குப் பிடிச்சுப்போகும்னு நெனச்சேன். பெரியம்மா சொல்லிக்குடுத்த மாதிரிதான் செஞ்சேன்." இதில் எழுதினவர் தப்பு செய்திருக்கிறார். நான் அவளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பொடிசு அந்தப் பெண்ணைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள், ஒரு நாளும் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. மூன்று இடத்திலும் அந்த வார்த்தையை அடித்துவிட்டுச் சித்தி என்று மாற்றி எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள், மேடம். மாற்றிக் கொண்டுவந்தால், நீங்கள் நீட்டுகிற எல்லாப் பக்கத்திலும் நான் கையெழுத்துப் போடுகிறேன்.